கடனீர்த் தொட்டியும் நீரோட்டப் பம்பியும்

தம்பிலுவிற் கரையிலே கடல் ஒருபொழுதும் ஓய்ந்து கிடப்பதில்லை. வாடைக்காற்று வீசும் மார்கழியிற் கரையை அறைந்தும், கச்சான் வீசும் ஆனி ஆடியில் மெல்லென அசைந்தும் அஃது இரவு பகலாக இயங்கிக்கொண்டே இருக்கின்றது. அவ்வியக்கத்தினாலேயே நீரிற் காற்றுக் கலக்கின்றது, கழிவு அகல்கின்றது, பாறையில் ஒட்டி வாழும் உயிர்க்கும் இரை வந்தெய்துகின்றது. இக்கடலின் சிறு பங்கைக் கண்ணாடித் தொட்டியில் அடைத்து, கோமாளி மீனையும் வண்ணாத்தி மீனையும் அதில் வாழவிட விரும்புவோர், நீரையும் உப்பையும் மட்டும் கொண்டுவந்தாற் போதாது; கடலின் அசைவையும் உடன்கொண்டுவருதல் வேண்டும். அப்பணியைச் செய்வது பம்பி. அதனைத் தெரிந்தெடுக்கும் முறையையும் பேணும் முறையையும் ஈண்டுக் கூறுவாம்.

இவ்வுண்மையை மனிதர் மெல்ல மெல்லவே உணர்ந்தனர். 1846ஆம் ஆண்டில் அன்னா தைன் என்னும் ஆங்கிலப் பெருமாட்டி பவளவுயிர்களைக் கடலிலிருந்து இலண்டனிலுள்ள தம் இல்லத்திற்குக் கொண்டுவந்து வளர்த்தார். நீர் கெடாதிருத்தற்பொருட்டு, அவருடைய பணிப்பெண் நாள்தோறும் திறந்த சாளரத்தருகே நின்று, கடனீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றிற்கு மாறிமாறி ஊற்றிக்கொண்டிருந்தாள். பெயர் அறியப்படாத அப்பெண்ணின் கைகள் செய்த வேலையையே இன்று பம்பி செய்கின்றது. 1871ஆம் ஆண்டில் இலண்டன் பளிங்கு மாளிகையில் அமைந்த மீன்காட்சிச்சாலையிலே, உவில்லியம் இலாயிட்டு என்பவர் நிலத்தின்கீழ் இருண்ட பெருந்தொட்டி ஒன்றை அமைத்து, நீராவிப் பொறியாற் கடனீரை ஓயாது சுழலச் செய்தார். நமக்கு அண்மையிற் சென்னைக் கடற்கரையில் 1909ஆம் ஆண்டில் ஒரு மீன்காட்சிச்சாலை திறக்கப்பெற்று, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடப்பட்டது.

நீரோட்டம் இத்துணை இன்றியமையாததாதல் எதனால்? வெப்பம் ஏற ஏற நீரிற் கரையும் ஒட்சிசன் குறையும். உப்பு மிகினும் குறையும். 28 பாகை செல்சியசு வெப்பநிலையில் ஒரு இலீற்றர் நன்னீர் ஏறத்தாழ 7.8 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ள வல்லது, கடனீரோ 6.4 மில்லிகிராமளவே கொள்ளும். குளிர்நாட்டார்க்குள்ள சலுகை நம் கரையில் வாழ்வோர்க்கு இல்லை. மேலும், மீனின் கழிவிலிருந்து தோன்றும் நச்சாகிய அமோனியாவை மாற்றியமைக்கும் பற்றீரியாக்கள் கல்லிலும் மணலிலும் வாழ்கின்றன. ஒட்சிசன் கலந்த நீர் அவற்றை நாடிச் செல்லாவிடின், அவை தம் தொழிலைச் செய்யா.

பம்பி செய்யும் தொழில் இருவகைப்படும். அடித்தொட்டியிற் கழுவித் தூய்தாக்கப்பட்ட நீரை மேற்றொட்டிக்கு ஏற்றுவது ஒன்று. அதனை ஏற்று பம்பி என்போம். மேற்றொட்டிக்குள்ளேயே நீரை அலைப்பது மற்றொன்று; அதனை அலைப்பம்பி என்போம். 4 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டி 9 கனவடி, அஃதாவது ஏறத்தாழ 255 இலீற்றர் கொள்ளும். கல்லும் மணலும் போக 200 இலீற்றர் நீர் நிற்கும் எனக் கொள்வோம். மணிக்கு மூன்று முதல் ஐந்து முறை நீர் ஏறி இறங்குதல் நன்று. ஆகவே 600 முதல் 1000 இலீற்றர் வரை ஏற்று பம்பிக்குரிய வேலை. அலைப்பம்பி, மீன்களும் மென்பவளங்களும் உள்ள தொட்டியில், நீரினளவைப்போற் பத்து முதல் இருபது மடங்கு அசைத்தல் வேண்டும். இதனை ஒரு பெரிய பம்பியிடம் விடாது, எதிரெதிர் மூலைகளில் வைத்த இரு சிறு பம்பிகளிடம் பகிர்ந்தளித்தலே அறிவுடைமை. ஒன்று நின்றாலும் மற்றொன்று உயிர்களைக் காக்கும்.

வாங்குவோர் பலர் ஏமாறுமிடம் பெட்டியின்மேற் பொறித்துள்ள எண்ணாகும். மணிக்கு 2000 இலீற்றர் என்பது நீரைச் சிறிதும் உயர்த்தாதவிடத்துக் கிடைக்கும் அளவு. அதே பெட்டியில் மிகவுயர்ந்த ஏற்றம் 2 மீற்றர் என்றிருப்பின், அவ்வுயரத்தில் ஒரு துளியும் ஏறாது என்பதே பொருள். ஒன்றரை மீற்றர் உயரத்தில், நேர்கோட்டுக் கணக்காகப் பார்ப்பினும், எஞ்சுவது 500 இலீற்றரே. குழாயின் முழங்கைவளைவு ஒவ்வொன்றும் அதனையும் குறைக்கும். குழாயின் விட்டத்தைப் பாதியாக்கினால் அதே நீர் நான்கு மடங்கு வேகத்தில் ஓடவேண்டியதாகும், உராய்வு மிகும். ஆகவே பம்பியின் வாயிலும் ஒடுங்கிய குழாயை ஒருபோதும் பொருத்தலாகாது.

வயலுக்கு நீரிறைக்கும் பம்பியை நன்கறிந்தவர்கள் நம்மூரவர்கள். அப்பம்பியை இங்கே கொண்டுவருதல் தகாது. அதன் வார்ப்பிரும்பு உடலும் பித்தளைச் சில்லும் கடனீரில் அரிபடும். பித்தளையிலிருந்து கரையும் செம்பு இறாலுக்கும் நண்டுக்கும் பவளத்திற்கும் கொடிய நஞ்சு. கறையில் உருக்கு எனப்படுவதுங்கூடக் குளோரைட்டினாற் புள்ளிபுள்ளியாய் அரிக்கப்படும். கடனீர்க்கென அமைந்த பம்பியில் நீர் படுமிடமெல்லாம் பிளாத்திக்கும் பீங்கானுமே இருக்கும். அதன் கம்பிச்சுருள் பிசினுள் முற்றாகப் புதைக்கப்பட்டுள்ளது. காந்தத்தோடு இணைந்த இறகுச்சில்லு, பீங்கான் தண்டொன்றைச் சுற்றி நீருக்குள்ளேயே சுழல்கின்றது. அந்நீரே அதற்கு எண்ணெயும் குளிர்ச்சியும் ஆகும். ஆதலின் நீரின்றிச் சில நிமிடம் ஓடினும் அது கெட்டுப்போகும்.

மின்னியல்பையும் நோக்குதல் வேண்டும். இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 உவோற்று, மீடிறன் 50. கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ உறவினர் அன்போடு அனுப்பும் 110 உவோற்றுப் பம்பியை நேரே செருகின், சுருள் எரிந்துபோகும். 40 உவாற்றுப் பம்பி ஓயாது ஓடின், 30 நாளில் 28.8 அலகு செலவாகும். நீருள் அமிழ்ந்த பம்பி உண்ணும் மின்சாரம் முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே தொட்டியைச் சேரும். 200 இலீற்றர் நீரிலிருந்து வெப்பம் வெளியேறாதெனின், அப்பம்பி ஏறத்தாழ ஐந்தேமுக்கால் மணிநேரத்தில் ஒரு பாகை ஏற்றிவிடும். கச்சான் காலத்துப் புழுக்கத்தில் இஃது அற்பமன்று. ஒரே வேலையைக் குறைந்த உவாற்றிற் செய்யும் பம்பி, விலை சற்று மிகுந்தாலும், ஈற்றில் மலிவானதே.

பொருத்தும்போது நான்கு காப்புகள் வேண்டும். மின்சாரம் நின்றவுடன் ஏற்றுக்குழாய் வழியே நீர் பின்னோக்கி உறிஞ்சப்படும். மேற்சொன்ன தொட்டியில் ஓரங்குலம் இறங்கினும் 14 இலீற்றர் அடித்தொட்டியில் வந்து சேரும். நீர்மட்டத்திற்குச் சற்றே கீழாகக் குழாயில் ஒரு சிறு துளையிடின், மட்டம் அதற்குக் கீழிறங்கியதும் காற்றுப் புகுந்து அவ்வுறிஞ்சல் அறும். மின்கம்பியைச் செருகியிலும் தாழத் தொங்கவிட்டு மேலேற்றினால், வழியும் நீர் செருகியை அடையாது கீழே சொட்டும். 30 மில்லியம்பியர் கசிவிலேயே விழுந்துவிடும் ட்ரிப் சுவிட்ச் இன்றி உப்புநீரில் மின்பம்பியை இறக்கவே கூடாது. உறிஞ்சுவாயில் வலை இடுதலும் வேண்டும். இரவில் இடம்பெயரும் கடற்சாமந்தி பம்பியில் அகப்பட்டுச் சிதைந்தால், தொட்டி முழுதும் நஞ்சாகும்.

இனிப் பேணுமாறு. கிழமைக்கு ஒருமுறை குழாய்வாயிலும் கம்பியிலும் பூத்திருக்கும் உப்பை ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும். ஆவியாகப் போவது நீர் மட்டுமே, உப்புப் போவதில்லை. ஆகவே குறைவை நன்னீராலேயே நிரப்புக. மாதம் ஒருமுறை மின்னிணைப்பைக் கழற்றியபின் பம்பியை வெளியே எடுத்து, இறகுச்சில்லை மெதுவாக இழுத்துப் பிரித்து, வழுவழுப்பை மென்தூரிகையால் தேய்த்து நீக்குக. பீங்கான் தண்டு எளிதில் முறியும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை வெள்ளை வினாகிரியும் நீரும் சம அளவாய்க் கலந்து, அதில் ஒரு மணிநேரம் ஊறவிடின், படிந்த சுண்ணாம்பு கரையும். பின்னர் நன்னீரில் அலசுக. சவர்க்காரம் எவ்வகையினும் ஆகாது.

பம்பி தளர்ந்ததை அறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. குழாயினின்றும் விழும் நீரைப் 10 இலீற்றர் வாளியிற் பிடித்து நேரம் குறித்தாற் போதும். 36 வினாடியில் நிரம்பின், மணிக்கு 1000 இலீற்றர். சென்ற மாதம் 36 ஆயிருந்தது இம்மாதம் 50 ஆயின், துப்புரவு செய்யும் காலம் வந்துவிட்டது. கடகடவென்னும் ஒலி காற்றுப் புகுந்ததையோ தண்டு தேய்ந்ததையோ உணர்த்தும்.

2022ஆம் ஆண்டு பங்குனி இறுதியில் ஒரு நாளில் 13 மணிநேரம்வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை நாம் மறந்திலேம். கடனீர்த் தொட்டி அத்துணை நேரம் அசைவின்றிக் கிடப்பின் மீன்கள் மூச்சடைத்து இறக்கும். 12 உவோற்றில் இயங்கும் சிறு பம்பி ஒன்றையும் மின்கலம் ஒன்றையும் ஆயத்தமாக வைத்தல் வேண்டும். 7 அம்பியர்மணி மின்கலம் 10 உவாற்றுப் பம்பியைக் கணக்கின்படி எட்டு மணிநேரமும், நடைமுறையில் அதிலும் குறைவாகவும் ஓட்டும். அதுவும் இல்லாதவிடத்து, அன்னா தைன் வீட்டுப் பணிப்பெண்ணின் வழி எஞ்சியுள்ளது: குவளையால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுக.

பழைய மாணவர் சிலர் கல்லூரி ஆய்வுகூடத்திற்குக் கடனீர்த் தொட்டியொன்றை நன்கொடையாக வழங்க எண்ணுதல் கூடும். நல்லெண்ணமே. ஆயின் கண்ணாடியும் மீனும் கொடையின் பாதியே. மாற்றுப் பம்பி ஒன்று, மாற்றுச் சில்லும் தண்டும், விடுமுறையிலும் தொட்டியைப் பார்க்கும் மாணவர் முறைப்பட்டியல், வாளிக்கணக்கு எழுதும் குறிப்பேடு ஆகிய இவையே மற்றைப் பாதி. இவற்றை வழங்க இயலாதாயின், மீனைக் கடலிலேயே விட்டுவைத்தல் அறம். உயிரைத் தொட்டியில் அடைத்தவன், அதற்குக் கடல் செய்துவந்த பணி அனைத்தையும் தன் தலைமேல் ஏற்றவனாவான்.