செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள்!

காலை ஏழரை மணி. தென் மாவட்டத்து இயேசு சபைப் பள்ளி ஒன்றின் முதல் மாடி. 'அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது' என்று எழுதிய கதவு. இதற்குப் பின்னால் எட்டிப் பார்க்க எத்தனை வருட ஆசை தெரியுமா! தட்டியதும் உள்ளிருந்து ஒரு குரல்: "செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க." கோயிலுக்கு என்ன சட்டமோ அதேதான் கம்ப்யூட்டர் லேபுக்கும்.

ஆகா, உள்ளே வந்தாயிற்று! சுவரோரம் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சின்ன அலமாரி. அதற்குள் பச்சை விளக்குகள் விடாமல் கண் சிமிட்டுகின்றன. நீல வயர்கள் ஒவ்வொன்றிலும் துண்டுக் காகிதம் ஒட்டிப் பேனாவால் எழுதியிருக்கிறது: 'ஆபீஸ்', 'நூலகம்', 'ஃபாதர் ரூம்', 'பத்து பி'. மொத்தப் பள்ளிக்கூடமும் நரம்பு நரம்பாக இந்த அலமாரிக்குள்தான் வந்து சேர்கிறது! கீழே வரிசையாக யூபிஎஸ் பேட்டரிகள். மேசை இழுப்பறையில் கிரிம்பிங் டூல், குட்டி ஸ்க்ரூடிரைவர்கள், கீபோர்டு இடுக்கைச் சுத்தம் செய்யப் பெயின்ட் பிரஷ்.

இந்த உலகத்தின் அதிபதி இதே பள்ளியில் படித்தவர். பையன்களுக்கு 'லேப் சார்'. தலைமையாசிரியர் ஃபாதருக்கு 'தம்பி'. பதினொன்றாம் வகுப்பின் சி பிளஸ் பிளஸுக்கும் பன்னிரண்டாம் வகுப்பின் பைத்தானுக்கும் கணினிகளைத் தயாராக வைப்பதுதான் ஏட்டில் உள்ள வேலை. ஏட்டில் இல்லாத வேலையைச் சொல்லத்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

எட்டு மணிக்குத் தமிழ் ஐயா ஓடி வருகிறார், கையில் பென்டிரைவ். காலாண்டு வினாத்தாளை வீட்டில் பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறார். ஆபீஸ் கணினியில் திறந்தால் திருக்குறள் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியும்! "விடுங்கய்யா, பாமினியா வானவில்லான்னு பார்த்துட்டு யூனிகோடுக்கு மாத்திரலாம்" என்கிறார் லேப் சார். நான்கு நிமிடம். வள்ளுவர் திரும்பி வந்துவிட்டார். ஐயா முகத்தில் வெளிச்சம்.

எனக்கோ புல்லரித்துவிட்டது! தமிழ் எழுத்தை இயந்திரத்துக்குப் பழக்குவது இயேசு சபைக் கல்விக்கூடங்களில் இன்று தொடங்கிய வேலையா என்ன? 1577இல் கோவாவில் ஜோவான் கொன்சால்வெஸ் என்ற ஸ்பெயின் நாட்டுச் சகோதரர் உலோகத்தில் தமிழ் எழுத்துகளை வார்த்தார். அவர் குரு அல்ல, கைத்தொழில் தெரிந்த சகோதரர். எழுத்தின் வடிவங்களை அறிந்த பெரோ லூயிஸ் அவருக்குத் துணை நின்றார். 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சாகி வந்தது இயேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்', 16 பக்கம். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்த மண்ணில் அச்சான முதல் நூல். அச்சான இடம் எது தெரியுமா? மீட்பர் கல்லூரி. இயேசு சபையின் கல்விக்கூடம்!

இன்னும் இருக்கிறது, கேளுங்கள். எத்தியோப்பியாவுக்குப் போக வேண்டிய அச்சுப்பொறி ஒன்று 1556இல் கோவாவோடு நின்றுபோய், புனித பவுல் கல்லூரிக்குள் நுழைந்தது. கூடவே அதை ஓட்டத் தெரிந்த புஸ்தமாந்தே என்ற சகோதரரும் வந்தார். அதிலிருந்து முதலில் வெளிவந்தது மாணவர்கள் பொதுவில் நின்று வாதாட வேண்டிய மெய்யியல் கருத்துரைகள். இந்தியாவின் முதல் அச்சு வேலையே பரீட்சை வேலைதான்! இதைச் சொன்னபோது லேப் சார் சிரித்தார். அவர் மேசையில் அப்போது விரிந்து கிடந்ததும் பரீட்சை வேலைதான்: நாமினல் ரோல்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும் ஒவ்வொரு பையனின் பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாம் இங்கிருந்துதான் தேர்வுத்துறைக்கு ஏறுகின்றன. பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். ஓர் எழுத்து பிசகினால் அது மதிப்பெண் சான்றிதழில் ஏறி, பாஸ்போர்ட் வரை அவனைத் துரத்தும். பட்டியலை அச்சடித்து வகுப்புக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்கினாலே வேலை முடிந்துவிடும். இவர் அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொருவனையும் கூப்பிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துத் திரையைக் காட்டுகிறார். "அப்பா பேரு சரியா பாருப்பா. வீட்ல இப்படித்தான் எழுதுவாங்களா?" ஒருவன் தயங்கித் தயங்கி, அப்பா இல்லை, அம்மாவின் முதலெழுத்தை இனிஷியலாகப் போடலாமா என்று கேட்டான். லேப் சார் குரலைத் தாழ்த்தி அவனோடு பத்து நிமிடம் பேசினார். என்ன காகிதம் வேண்டும், எந்த ஃபாதரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். பையன் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான்.

'கூரா பெர்சோனாலிஸ்' என்று இயேசு சபையார் லத்தீனில் சொல்வார்கள். ஒவ்வொரு மாணவரையும் தனி ஆளாக அறிந்து பேணுவது என்று அர்த்தம். கருத்தரங்குகளில் எத்தனையோ முறை கேட்ட சொல். கண்ணால் பார்த்தது இந்த ஏசி அறையில்தான்.

பக்கத்து மேசையில் ஓர் இளம்பெண். மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் எமிஸ் தளத்தில், புதிதாகச் சேர்ந்த ஆறாம் வகுப்புக் குழந்தைகளைப் பள்ளி மாற்றிப் பதிகிறார். பகலில் தளம் சுற்றிக்கொண்டே நிற்பதால் விடியுமுன் வீட்டிலிருந்தே பாதியை முடித்துவிட்டாராம்.

திடீரென்று கீழே இருந்து கூப்பாடு. காலை வணக்கக் கூட்டத்தில் மைக் ஊமை! லேப் சார் ஓடுகிறார், நானும் பின்னால் ஓடுகிறேன். மேடைக்குப் பின்னால் குனிந்து ஒரு ஜாக்கைத் திருகுகிறார், "ஹலோ, செக்" என்கிறார், மைதானம் முழுக்க அவர் குரல் எதிரொலிக்கிறது. அடுத்த நொடி ஜெபம் தொடங்குகிறது. முன்னால் நிற்கிற நூற்றுக்கணக்கான பேரில் ஒருவருக்கும் மேடைக்குப் பின்னால் இருந்த அவர் முகம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. என்ன சந்தோஷம் அது!

இயேசு சபை இத்தகைய ஆட்களை மறந்த சபையும் அல்ல. 1599இல் வந்த அதன் கல்வி விதிநூலில் கூடத்தைச் சீராக வைத்து, நேரத்துக்குச் சைகை கொடுக்கும் உதவியாளருக்கென்று தனி விதிகள் உண்டு. மயோர்க்கா தீவுக் கல்லூரியில் நீண்ட காலம் வாயில் காத்த அல்போன்ஸ் ரொட்ரீகஸை 1888இல் திருச்சபை புனிதராக உயர்த்தியது. வகுப்பறைக்குள் போய்ப் பாடம் நடத்தியவர் அல்ல அவர், கதவு திறந்துவிட்டவர்.

ஆனாலும் இன்று பல பள்ளிகளில் லேப் பணியாளருக்கு அரசு ஊதியம் கிடையாது, நிர்வாகம் தரும் சம்பளம்தான். ஆண்டு மலரில் ஆசிரியர் குழுப் படத்தில் அவர்கள் நிற்பதும் அரிது. இது சரியில்லை. பள்ளியை நடத்தும் ஃபாதர்களே, அடுத்த மலரில் அவர்களையும் முன்வரிசையில் உட்கார வையுங்கள், பெயரையும் பிழையில்லாமல் அச்சிடுங்கள். பழைய மாணவர்களே, வெள்ளி விழாச் சந்திப்புக்குப் போகும்போது மாடியேறி அந்தக் கதவையும் தட்டுங்கள். உங்கள் சான்றிதழில் உங்கள் பெயர் சரியாக இருப்பதற்குக் காரணமானவர் உள்ளேதான் இருக்கிறார்.