கிளேர்: உலோகமும் இழையும் அடுக்கிய பலகம்

அரை மில்லிமீட்டரைத் தாண்டாத அலுமினியத் தகடுகள். இடையிடையே எப்பாக்ஸி பிசினில் தோய்ந்த கண்ணாடி இழைகள். இவற்றை அடுக்கி, அழுத்தக் கலனில் சுமார் 120 டிகிரி செல்சியஸில் இறுகவைத்தால், விமான உடற்பகுதிக்கான கிளேர் பலகம் கிடைக்கிறது. இது நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவானது. இதற்கு முன்னோடியான ஆரல் பலகத்தில் அராமிட் எனும் செயற்கை இழைகள் இருந்தன. விமான உடற்பகுதியின் சுமைக்கு அவை ஈடுகொடுக்கவில்லை.

ஒவ்வொரு பயணத்திலும் விமானத்தின் உடல் உள்ளழுத்தத்தால் விரிந்து, பின் சுருங்குகிறது. வெறும் அலுமினியத்தில் இதனால் விரிசல் வளர்ந்துகொண்டே போகும். கிளேரில், தகட்டில் விரிசல் விழுந்தாலும் இழைகள் அறுபடாமல் விரிசலின் இரு கரைகளையும் இழுத்துப் பிடிக்கின்றன. விரிசல் மிக மெதுவாகவே நகர்கிறது. கிளேரின் தலையாய சிறப்பு இதுதான். தீயில் வெளித்தகடு உருகினாலும் கண்ணாடி இழை வெப்பத்தைத் தடுத்து நிற்கும். எடையும் அலுமினியத்தைவிடக் குறைவு.

2005இல் முதன்முதலில் பறந்த ஏர்பஸ் ஏ380 விமான உடற்பகுதியின் மேல்பாகத்தில் இப்பலகங்கள் பெருமளவில் பொருத்தப்பட்டன.