தோழிக்கு என்ன முறை?

மும்பையில் தாராவி என்று ஒரு பகுதி இருக்கிறது. தமிழர்கள் நிறையப் பேர் அங்கே வாழ்கிறார்கள். நான் அங்கே எழுத்தறிவு வகுப்பு நடத்துகிறேன்.

எங்கள் வகுப்புக்கு இரண்டு அக்காக்கள் சேர்ந்தே வருவார்கள். இருவரும் தெருமுனையில் இட்லி விற்பவர்கள். இருபது வருடப் பழக்கம். மாலையில் ஒரே பாயில் உட்கார்ந்து படிப்பார்கள்.

இருவரில் இளையவருக்கு வாயில் புண் வந்தது. "சூட்டுப் புண்தான்" என்று விட்டுவிட்டார். புண் ஆறவே இல்லை. பிறகுதான் மருத்துவரிடம் போனார். வாய்ப் புற்றுநோய் என்றார்கள். நோய் முற்றியிருந்தது. சிகிச்சை நடந்தது. ஆனாலும் அவர் பிழைக்கவில்லை.

அதன்பின் பெரிய அக்கா வகுப்புக்கு வரவில்லை. நான் அவர் வீட்டுக்குப் போனேன். இட்லிப் பானை கவிழ்த்தபடி இருந்தது.

அக்கா சொன்னார்: "சொந்தக்காரங்களுக்கு முறை இருக்கு. பதினாறு நாள் வீட்டில் இருக்கலாம். நான் மூன்றாம் நாளே கடை போட்டேன். பக்கத்தில் அவள் இடம் காலியாக இருந்தது. உட்கார முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன். அழுதால், 'அவள் என்ன உன் கூடப்பிறந்தவளா?' என்று கேட்கிறார்கள். தோழிக்கு என்ன முறை, டீச்சர்?"

துக்கம் எப்படி இருக்கும்?

கூடவே வாழ்ந்தவர் போனால் துக்கம் வரும். இரத்த உறவா என்று மனம் கேட்பதில்லை.

துக்கத்தில் தூக்கம் வராது. பசி எடுக்காது. காரணம் இல்லாமல் கோபம் வரும். இறந்தவர் கூப்பிடுவது போலத் தோன்றும். இது பைத்தியம் அல்ல. பேய் பிடித்ததும் அல்ல. பலருக்கும் இப்படித்தான் இருக்கும்.

துக்கம் ஒரு நாள் குறையும். மறுநாள் கூடும். பண்டிகை வந்தால் திரும்ப வரும். இத்தனை நாளில் தீரும் என்று கணக்கு இல்லை. ஆனால் நாளாக நாளாக, தாங்கும் பலம் வரும்.

மனதில் இருந்த முள்

அக்கா கடைசியாக ஒன்று சொன்னார். குரல் தாழ்ந்துபோனது.

"வெற்றிலையில் புகையிலை வைத்து அவளுக்கு மடித்துக் கொடுத்ததே நான்தான்."

எனக்கு உடனே பதில் வரவில்லை. பொய் சொல்லவும் மனமில்லை. வாய்ப் புற்றுநோய்க்குப் புகையிலை முக்கியக் காரணம். பாக்கும் ஒரு காரணம்.

பிறகு சொன்னேன்: "கெடுக்க நினைத்தா கொடுத்தீர்கள், அக்கா? பிரியமாகக் கொடுத்தீர்கள். அப்போது இரண்டு பேருக்கும் தெரியாது. இப்போது தெரியும். இனி என்ன செய்கிறோம் என்பதுதான் நம் கையில் இருக்கிறது."

அப்போதும் அக்காவின் இடுப்பில் சுருக்குப்பை இருந்தது.

துக்கத்தில் பிறந்த மருத்துவமனை

மும்பையில் பரேல் என்ற இடத்தில் டாடா நினைவு மருத்துவமனை இருக்கிறது. அது புற்றுநோய்க்கான பெரிய மருத்துவமனை. அதுவும் துக்கத்தில் பிறந்ததுதான்.

தொழிலதிபர் தோராப்ஜி டாடாவின் மனைவி மெஹர்பாய். 1931-இல் அவர் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். அடுத்த ஆண்டே தோராப்ஜியும் இறந்தார். அவர் பெயரில் இருந்த அறக்கட்டளை, 1941-இல் இந்த மருத்துவமனையைத் திறந்தது.

நம்மால் மருத்துவமனை கட்ட முடியாது. ஆனால் ஒருவரை மருத்துவரிடம் அழைத்துப் போக முடியும் அல்லவா?

நாம் செய்யக்கூடியவை

துக்கத்தில் இருப்பவரிடம் "அழாதே" என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். இறந்தவரைப் பற்றிப் பேசவிடுங்கள். கொஞ்சம் கஞ்சி கொடுங்கள்.

புற்றுநோய் தொற்றுநோய் அல்ல. இறந்தவரின் பாயையும் பாத்திரத்தையும் கண்டு பயப்பட வேண்டாம்.

பல வாரமாகச் சாப்பிட முடியவில்லையா? செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா? உடனே ஒருவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இது அரசின் மனநல உதவி எண். காசு கிடையாது. தமிழிலும் பேசலாம்.

வாய்ப் புண் இரண்டு வாரத்தில் ஆறவில்லையா? வாய்க்குள் வெள்ளையாக அல்லது சிவப்பாகத் திட்டு இருக்கிறதா? வாயைத் திறக்கச் சிரமமா? தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்தும் வாய்ப்பு அதிகம்.

புகையிலையை விட உதவி வேண்டுமா? 1800-11-2356 என்ற இலவச எண்ணில் கேளுங்கள்.

மீண்டும் வகுப்பில்

நானும் அக்காவும் ஒருநாள் அரசு மருத்துவமனைக்குப் போனோம். அக்காவின் வாயைச் சோதித்தார்கள். நோய் எதுவும் இல்லை. இப்போது சுருக்குப்பையில் சோம்பு வைத்திருக்கிறார்.

அக்கா வகுப்புக்கு வருகிறார். பாயில் பாதி இடத்தை விட்டுத்தான் உட்காருகிறார். நோட்டின் முதல் பக்கத்தில் தோழியின் பெயரை எழுதியிருக்கிறார். பிழை இல்லாமல் எழுதியிருக்கிறார்.

தோழிக்கு என்ன முறை என்று கேட்டாரே! மறக்காமல் இருப்பதும் ஒரு முறைதான்.

உங்களுக்கும் அப்படி ஒரு தோழி அல்லது தோழன் உண்டா? அவரைப் பற்றி நான்கு வரி எழுதிப் பாருங்கள்.