ஹார்ன் அலறுகிறது, தீயைக் காணோம்

2012 ஏப்ரல் 16. லண்டன் கேட்விக் விமான நிலையத்திலிருந்து அமெரிக்காவின் ஆர்லாண்டோவுக்குக் கிளம்பிய ஏர்பஸ் ஏ330 விமானத்தில், பின்பக்கச் சரக்கு அறையில் புகை என்ற எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்தது. விமானிகள் திரும்பி வந்து இறங்கினார்கள். ஓடுபாதையிலேயே விமானத்தை நிறுத்தி, பயணிகளை அவசரச் சறுக்குகள் வழியாக வெளியேற்றினார்கள். சறுக்கி இறங்கியதில் சிலருக்கு அடிபட்டது. சரக்கு அறையைச் சோதித்துப் பார்த்தால் தீ எரிந்ததற்கான அடையாளமே இல்லை.

ஒரு புகை டிடெக்டரின் வெப்ப உணரியில் வெளியே தெரியாமல் கிடந்த பழுது, கருவிகளை இணைக்கும் தகவல் தடத்தில் ஒரு கோளாறு, இவற்றோடு அழுகக்கூடிய சரக்கிலிருந்து எழுந்த ஈரப்பதமும் சேர்ந்திருக்கலாம் என்று பிரிட்டனின் விபத்துப் புலனாய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

ஈரத்துக்கும் தீ எச்சரிக்கைக்கும் என்ன தொடர்பு? சரக்கு அறை டிடெக்டருக்குப் புகையின் வாசனை தெரியாது. அதற்குள் ஒரு சின்ன இருட்டறை, ஒரு ஒளிக்கற்றை, பக்கவாட்டில் ஓர் ஒளி உணரி. காற்று சுத்தமாக இருந்தால் ஒளி நேராகப் போய்விடும். புகைத்துகள் நுழைந்தால் ஒளி சிதறி உணரியில் விழும், எச்சரிக்கை கிளம்பும். நீர்த்திவலை, தூசி, பூச்சிமருந்து என்று எது நுழைந்தாலும் ஒளி அப்படித்தான் சிதறும். 1996இல் அமெரிக்காவில் வேல்யூஜெட் விமானம் சரக்கு அறைத் தீயால் விழுந்து 110 பேர் இறந்தார்கள். அதன் பிறகு, அதுவரை டிடெக்டர் இல்லாதிருந்த சரக்கு அறைகளிலும் அதைக் கட்டாயமாக்கினார்கள். கருவிகள் பெருக, பொய் எச்சரிக்கைகளும் பெருகின. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2000இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு நிஜத் தீக்குச் சுமார் 200 பொய் எச்சரிக்கைகள் என்று கணக்கிட்டது.

அதற்காக எச்சரிக்கையை அலட்சியம் செய்ய முடியாது. 1980 ஆகஸ்ட் 19 அன்று ரியாத்திலிருந்து கிளம்பிய சவூதியா டிரைஸ்டார் விமானத்தில் சரக்கு அறைப் புகை எச்சரிக்கை வந்தபோது, அது உண்மைதானா என்று உறுதிசெய்யவே 4 நிமிடங்களுக்கு மேல் போனது. திரும்பி வந்து பத்திரமாக இறங்கிய விமானத்திலிருந்து ஒருவர்கூட வெளியே வரவில்லை. 301 பேரும் இறந்தார்கள்.

நின்றுகொண்டிருக்கும் விமானத்தில் சிக்கல் வேறு மாதிரி. காக்பிட்டில் ஆள் இல்லாமலும் இருக்கலாம். அதனால்தான் ஏ320 விமானத்தின் முன்சக்கரப் பகுதியில் ஒரு ஹார்ன் வைத்திருக்கிறார்கள். வால் பகுதியில் இருந்து மின்சாரமும் குளிர்காற்றும் தரும் ஏபியு என்ற சின்ன எஞ்சினில் தீப்பிடித்தால் அது அலறும். ஆனால் மின்னணுக் கருவிகளின் குளிரூட்டல் நின்றாலும் அதே ஹார்ன்தான். வழிகாட்டும் கருவிகள் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டிருந்தாலும், விமானி மெக்கானிக்கைக் கூப்பிட்டாலும் அதே ஹார்ன்தான். சத்தம் கேட்டவர் ஓடிப்போய் விமானத்தின் அடிவயிற்றில் இருக்கும் பலகையில் எந்த விளக்கு எரிகிறது என்று பார்க்க வேண்டும். ஏபியு தீ விளக்கு என்றால், பக்கத்திலேயே ஏபியுவை நிறுத்தும் பொத்தான் உண்டு. ஒரு நாளில் பலமுறை வெறும் அழைப்புக்காக ஒலிக்கும் ஹார்னைக் கேட்டுப் பழகிய காது, தீக்காக ஒலிக்கும்போதும் மெதுவாகத்தான் திரும்பும். வடிவமைப்பில் இதை ஒரு குறை என்றே நான் நினைக்கிறேன்.

இதற்கு நேர் எதிரானதும் நடக்கும்: தீ நிஜம், எச்சரிக்கை கிடையாது. எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது எரியாமல் தேங்கிய எரிபொருள் பற்றிக்கொண்டு, பின்பக்கக் குழாய் வழியாகச் சுடர் வெளியே நீளும். எஞ்சினின் தீ உணரிகள் அதன் வெளிப்புறத்தைச் சுற்றி ஓடுகின்றன, குழாய்க்குள் இல்லை. காக்பிட்டில் தீ எச்சரிக்கை விளக்கு எரியாது. பெரும்பாலும் முதலில் பார்ப்பவர் ஹெட்செட் மாட்டிக்கொண்டு கீழே நிற்கும் பணியாளர்தான். அவர் பதற்றத்தில் 'எஞ்சின் ஃபயர்' என்று சொல்லிவிட்டால் விமானி தீ பொத்தானை அழுத்தக்கூடும். ஏ320இல் அப்படிச் செய்தால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கு மின்சாரம் போய்விடும். இந்தத் தீக்குச் சரியான வைத்தியம், எரிபொருளை நிறுத்திவிட்டு எஞ்சினைச் சும்மா சுழலவிட்டுக் காற்றாலேயே சுடரை ஊதித் தள்ளுவது. கணினி இறந்துவிட்டால் அது முடியாது. 'டெயில்பைப் ஃபயர், எஞ்சின் ஒன்று' என்று சொன்னால் விமானி சரியான வேலையைச் செய்வார்.

சரக்கு அறை எச்சரிக்கையிலும் இதே கதைதான். தீ இருக்கிறதா பார்ப்போம் என்று கீழே நிற்பவர் நல்லெண்ணத்தோடு கதவைத் திறந்தால், தீயை அடக்க உள்ளே செலுத்திய ஹாலான் வாயு வெளியேறி, புதுக் காற்று உள்ளே போகும். அணைந்துகொண்டிருந்த தீ எழுந்துவிடும். பயணிகள் எல்லோரும் இறங்கி, தீயணைப்பு வீரர்கள் வந்து நிற்கும்வரை கதவைத் தொடக்கூடாது. இதைக் காக்பிட்டிலிருந்து யாராவது கீழே சொல்லியாக வேண்டும்.

கீழிருந்து மேலே சரியான நேரத்தில் சொன்னதற்கும் உதாரணம் உண்டு. 2007 ஆகஸ்ட் 20 அன்று ஜப்பானின் நாஹா விமான நிலையத்தில் சைனா ஏர்லைன்ஸ் போயிங் 737 வந்து நின்றது. இறக்கைக்குள் கழன்று விழுந்த ஒரு போல்ட் எரிபொருள் தொட்டியைக் குத்தியிருந்தது. கசிந்த எரிபொருள் பற்றிக்கொண்டது. தரையில் நின்றவர்கள் பார்த்துச் சொன்னதும் கேப்டன் வெளியேற உத்தரவிட்டார். விமானம் எரிந்து முறிந்தது. உள்ளே இருந்த 165 பேரும் பிழைத்தார்கள்.

ஹெட்செட் இல்லாதவர்களுக்குச் சைகை இருக்கிறது. இடது கையால் தீ இருக்கும் இடத்தைக் காட்டிக்கொண்டே, வலது கையைத் தோளிலிருந்து முழங்கால்வரை விசிறி வீசுவதுபோல அசைப்பதுதான் 'தீ' என்பதற்கான சர்வதேசச் சைகை. விமானத்தை வழிநடத்தும் மார்ஷலருக்கு இது பாடம். பெட்டி ஏற்றுபவரும், எரிபொருள் நிரப்புபவரும், கழிவறை வண்டி ஓட்டுபவரும் மார்ஷலரைவிட நெருக்கமாக, நீண்ட நேரம் விமானத்தின் கீழே நிற்கிறார்கள். அவர்களுக்கும் இதைக் கற்றுத்தர அரை மணி நேரம் போதும்.