கை திரும்பும் மாதம்

ஒரு வயது தாண்டிய குழந்தையிடம் முக்கோணக் கட்டை ஒன்றையும், முக்கோண ஓட்டை போட்ட பெட்டி ஒன்றையும் கொடுத்துப் பாருங்கள். கட்டை அந்த ஓட்டைக்குள்தான் போக வேண்டும் என்பது அதற்கு நன்றாகவே தெரியும். கொண்டுபோய் ஓட்டையின் மேல் வைத்து அமுக்கும். போகாது. இன்னும் பலமாக அமுக்கும், தட்டும், சிரிக்கும். திருப்பிப் பார்க்கலாம் என்பது மட்டும் தோன்றாது.

ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஹெலேனா ஓர்ன்குளோ, கிளேஸ் ஃபான் ஹோஃப்ஸ்டன் இருவரும் இதையே ஆய்வாக்கி 2007ல் வெளியிட்டார்கள். 14, 18, 22, 26 மாதக் குழந்தைகளிடம் விதவிதமான கட்டைகளைக் கொடுத்தார்கள். 14 மாதத்தில் ஆசை இருந்தது, வழி தெரியவில்லை. 18 மாதத்தில் கை கட்டையைத் திருப்ப முயன்றது, பெரும்பாலும் தவறியது. 22 மாதத்தில் வந்ததுதான் அழகு. படுத்துக் கிடந்த கட்டையைத் தூக்கி நிறுத்தி, ஓட்டையை எட்டும் முன்பே, காற்றில் இருக்கும்போதே, குழந்தை அதைச் சரியான பக்கத்துக்குத் திருப்பியது. கை நகரும் முன் மனத்துக்குள் கட்டை ஒருமுறை சுழன்றிருக்கிறது. பின்னாளில் வரைபடம் பார்ப்பதற்கும் வடிவியல் கணக்குக்கும் நெருக்கடியில் காரை நிறுத்துவதற்கும் வேண்டிய திறமையின் முதல் முளை அது.

மர பசில் வாங்கும்போது இந்த 22 மாதக் கையை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சிங்கப்பூரில் ஈசூன் நார்த்பாயிண்ட் கடைத்தொகுதியிலோ தேக்காவிலோ மர பசில் பலகையைக் கையில் எடுத்தால், வெளிர் மஞ்சள் நிறத்தில், ஓரளவு கனமாக இருக்கிறதா பாருங்கள். அது பெரும்பாலும் ரப்பர் மரம். ஈசூன்வாசிகளுக்கு அது பழைய உறவு. அன்னாசி, ரப்பர்த் தோட்டங்களால் செல்வந்தரான லிம் நீ சூன் என்பவரின் பெயர்தான் சீன மாண்டரின் உச்சரிப்பில் ‘ஈசூன்’ ஆயிற்று. 1877ல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர் நாற்றுகளும், மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையைத் தாவரவியல் தோட்டத்தில் உருவாக்கிய ஹென்றி ரிட்லியும் இல்லையென்றால், நம்மில் பலருடைய பாட்டன் பூட்டன்கள் மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறியே இருக்க மாட்டார்கள். பால் வற்றிய கிழட்டு மரத்தை ஒரு காலத்தில் விறகாக எரித்தார்கள். இப்போது அறுத்து, சூளையில் உலர்த்தி, பொம்மை செய்கிறார்கள். தாய்லாந்தின் திராங்கில் 1981ல் தொடங்கிய பிளான்டாய்ஸ் நிறுவனம் அப்படித்தான் பெயர் வாங்கியது.

மரம் என்பதாலேயே மூளை வளர்ந்துவிடாது. மரத்துக்கு ஆதரவாகப் பேசும் ஆய்வு ஒன்று உண்டு. ஆனால் அது சொல்வது வேறு. அமெரிக்காவில் அன்னா சோசா 2016ல் வெளியிட்ட அந்த ஆய்வில் 10 முதல் 16 மாதக் குழந்தைகளும் பெற்றோருமாக 26 ஜோடிகள். பாட்டும் விளக்குமாக இருந்த மின்னணு பொம்மைகளை வைத்து விளையாடியபோது பெற்றோர் குறைவாகப் பேசினார்கள். மர பசில், கட்டைகள் வைத்து விளையாடியபோது கூடுதலாகப் பேசினார்கள். புத்தகம் பார்த்தபோது அதைவிடவும் கூடுதல். பொம்மை தானே பேசினால் அம்மா வாயை மூடிக்கொள்கிறார்! மரக்கட்டை வாய் திறக்காது, அதனால் நாம் பேச வேண்டியிருக்கிறது.

அந்தப் பேச்சு எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் சூசன் லெவைன் குழு 53 குழந்தைகளை அவர்களுடைய வீட்டுக்கே போய், 26 மாதம் முதல் 46 மாதம் வரை அவ்வப்போது படம்பிடித்தது. பசில் விளையாடிய குழந்தைகள் நாலரை வயதில், வடிவங்களை மனத்தில் சுழற்றிப் பொருத்தும் சோதனையில் மற்றவர்களை முந்தினார்கள். பெற்றோரின் வருமானம், படிப்பு எல்லாம் கழித்துப் பார்த்த பிறகும் வித்தியாசம் நின்றது. பசில்தான் காரணம் என்று இது நிரூபித்துவிடவில்லை. இயல்பிலேயே வடிவங்களில் ஆர்வம் உள்ள பிள்ளை பசிலைத் தேடிப்போயிருக்கலாம். ஆனால் அதே குழுவின் இன்னொரு ஆய்வில், ‘மூலை’, ‘விளிம்பு’, ‘உயரம்’, ‘வட்டம்’ போன்ற சொற்களை வீட்டில் அதிகம் கேட்ட குழந்தைகள் அவற்றைத் தாமும் அதிகம் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்கள் இத்தகைய சோதனைகளிலும் நன்றாகவே செய்தார்கள்.

இங்கே தமிழ் பேசும் பாட்டிக்கு ஒரு சாதகம் இருக்கிறது. நிமிர்த்து, சாய், கவிழ், படுக்க வை, குறுக்கே, நெடுக்கே, குப்புற, மல்லாக்க என்று இடத்தையும் திசையையும் சொல்ல நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்? “அப்படியே மல்லாக்கப் போடுடா கண்ணு, இப்ப கொஞ்சம் திருப்பு” என்ற ஒரு வரியில் வடிவியல் பாடம் முடிந்துவிடுகிறது. ஆனால் இந்தச் சொற்கள் புழங்கும் வீடுகள் குறைவு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூரில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காட்டினர்தான். பாலர் பள்ளியில் ‘ஏரோப்ளேன்’, ‘ட்ரையாங்கிள்’ எப்படியும் வந்துவிடும். ‘மல்லாக்க’ அங்கே வராது.

இனி பலகைக்கு வருவோம். முதல் பசிலுக்கு மூன்று நான்கு துண்டுகள் போதும், ஒவ்வொன்றிலும் பிடித்துத் தூக்கக் குமிழ் இருக்க வேண்டும். வட்டம் முதலில், ஏனென்றால் அதை எப்படி வைத்தாலும் போகும். சதுரமும் முக்கோணமும் பிறகு. ஒவ்வொரு துண்டும் ஒரே குழியில்தான் பொருந்த வேண்டும். மரியா மாண்டிசோரி தம் குமிழ் உருளைகளை அப்படித்தான் வடிவமைத்தார். ஒன்றைத் தவறான குழியில் வைத்தால் கடைசியில் ஓர் உருளை இடமில்லாமல் கையில் நின்றுவிடும். ஆசிரியர் வாய் திறக்க வேண்டியதில்லை, பிழையைக் கட்டையே காட்டிக்கொடுக்கும். குழி தொளதொளவென்றிருந்து எந்தத் துண்டும் எங்கும் போகும் மலிவுப் பலகை இந்த ஒரு நல்ல குணத்தைத்தான் முதலில் இழக்கிறது.

‘3 வயதுக்கு மேல்’ என்ற அட்டைக் குறிப்பைப் பல பெற்றோர் அறிவுச் சவாலாக எடுத்துக்கொண்டு, “எங்க பிள்ளை கெட்டிக்காரன், ரெண்டு வயசிலேயே செய்வான்” என்று வாங்கிவிடுகிறார்கள். அந்தக் குறிப்பு பெரும்பாலும் தொண்டையைப் பற்றியது. பாதுகாப்புச் சோதனையில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு குழாய் வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எந்தத் துண்டும் மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆகாது. வீட்டில் கழிவறைத் தாள் சுருளின் அட்டைக்குழாய் போதும், அது இன்னும் கொஞ்சம் அகலம்தான். அம்பாசமுத்திரத்திலிருந்து அத்தை ஆசையாக வாங்கி வரும் மரச்சொப்புச் சாமானில் உள்ள குட்டிக் கிண்ணங்களையும் இதே குழாயில் போட்டுப் பாருங்கள். எனக்கும் சொப்பு என்றால் உயிர்தான், ஆனாலும் குட்டிக் கிண்ணங்கள் மூன்று வயது வரை அலமாரி மேலேயே இருக்கட்டும்.

குமிழை இழுத்துப் பாருங்கள், ஆடினால் வேண்டாம். சாயத்தை ஈரத்துணியால் தேயுங்கள், கறை ஒட்டினால் வேண்டாம். அட்டையில் இஎன் 71 அல்லது ஐஎஸ்ஓ 8124 என்ற தரக்குறிப்பு இருக்க வேண்டும். இந்தியாவில் வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரை, 2021 முதல் அங்கே பொம்மைகளுக்கு அது கட்டாயம். ஒரே நாளில் பத்துப் பலகைகளைப் பரப்பவும் வேண்டாம். டொலிடோ பல்கலைக்கழகத்தில் 36 குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது, 16 பொம்மைகள் கிடந்த அறையைவிட 4 மட்டும் இருந்த அறையில் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், விதவிதமாக விளையாடினார்கள்.

நம் ஊர் ஈரக்காற்றில் மரம் உப்பும். நேற்றுப் போன சதுரம் இன்று போகாமல் பிள்ளை அழுதால், காற்றாட நிழலில் ஓரிரு நாள் வையுங்கள். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். அதனால் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவாமல் துடைத்தாலே போதும். ஒரு துண்டு சோபாவுக்கு அடியில் தொலைந்துபோனால் பலகையைத் தூக்கி எறிய வேண்டாம். குழியின் ஓரத்தைத் தாளில் வரைந்து, கெட்டி அட்டையில் வெட்டிக்கொள்ளலாம். மூன்று வயதுப் பிள்ளையாக இருந்தால், வரைவதை அதனிடமே விட்டுவிடுங்கள்.