குளிரில் சோம்பும் பந்து

கோடையில் வெகுதூரம் பறக்கும் கோல்ஃப் பந்து, அதே வேகத்தில் மட்டையை வீசினாலும் குளிர்காலத்தில் பல கஜங்கள் முன்னதாகவே விழுந்துவிடுகிறது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் போன்ற திடல்களில் குளிர்காலத்திலும் ஆடுவோர் இதை நன்கு அறிவர். ஏன் இப்படி?

காரணங்களுள் முக்கியமானவை இரண்டு. முதலாவது, காற்று. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது என்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். கடல் மட்டத்தில் ஒரு கனமீட்டர் காற்றின் நிறை 30 டிகிரி செல்சியஸில் சுமார் 1.16 கிலோகிராம், 0 டிகிரியிலோ 1.29 கிலோகிராம். எனவே பந்துக்குத் தடை கூடுகிறது.

இரண்டாவது, பந்தின் உள்ளே இருக்கும் செயற்கை ரப்பர். மட்டை தாக்கியதும் நசுங்கும் பந்து, மறுகணமே பழைய வடிவை அடைந்து துள்ளிப் பாய்கிறது. குளிரில் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகள் எளிதில் அசைவதில்லை. ஆகவே ஆற்றலில் கூடுதல் பகுதி வெப்பமாக வீணாகிறது. பந்தைச் சூடேற்றி ஆடலாமே என்கிறீர்களா? ஆட்ட விதிகள் அதற்கு இடந்தருவதில்லை!

விளையாட்டில் நஷ்டம் சில கஜங்களே. ரப்பரின் இதே குணம் உயிர்களையும் பறித்ததுண்டு. 1986 ஜனவரி 28 அன்று, உறைய வைக்கும் இரவைக் கழித்த அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடம் புறப்பட்டது. ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் குளிரில் விறைத்து, இடைவெளியை அடைக்கத் தவறியது. எழுவர் மாண்டனர். ரப்பர் துண்டைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி இதை விளக்கிக் காட்டினார் இயற்பியலறிஞர் ரிச்சர்ட் ஃபைன்மன்.

நீங்களும் சோதிக்கலாம். ஒரே வகையான இரண்டு ரப்பர் பந்துகளில் ஒன்றை ஓர் இரவு பனிப்பெட்டியில் வைத்தெடுத்து, இரண்டையும் ஒரே உயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள்.