மாமல்லைத் தவப்பூனை: ரசிகர் ஊகமும் ஆய்வு விளக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

படைப்பாளர் விளக்காமல் விட்ட சிறு உருவம் காண்போரிடம் பல விளக்கங்களைத் தோற்றுவிக்கிறது. காணொளி விளையாட்டுகளைப் பொறுத்தவரை இவ்விளக்கங்கள் ரசிகர் கோட்பாடு எனப்படுகின்றன. மாமல்லபுரத்துப் பெரும்புடைப்புச் சிற்பத்தில் தவக்கோலத்தில் நிற்கும் பூனை குறித்த விளக்கங்களும் இத்தன்மையனவே. இடம், நிலை, சூழல் என்னும் மூன்று அளவைகளால் அவற்றை ஒப்பிட்டு, பூனை எதற்குச் சான்றாகும், எதற்குச் சான்றாகாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மாமல்லபுரம், தவப்பூனை, ரசிகர் கோட்பாடு, அருச்சுனன் தவம், கங்கை இறக்கம், பொருள்கோள்.

முன்னுரை

டோபி ஃபாக்ஸ் உருவாக்கி 2015இல் வெளிவந்த ‘அண்டர்டேல்’ விளையாட்டில் கேஸ்டர் என்றொரு பாத்திரம் உண்டு. பெரும்பாலான ஆட்டக்காரர்கள் அப்பாத்திரத்தை நேரில் காண்பதில்லை. ஆங்காங்கே கிடைக்கும் குறிப்புகளைக் கொண்டும், விளையாட்டின் கோப்புகளைத் துருவியும் ரசிகர்கள் அதற்கொரு வரலாற்றைப் புனைந்தனர். அலுவலகக் காட்சியில் காரணமின்றி உலவும் பூனைகூட இவ்வகை ஊகத்திற்கு இடமளிக்கும்.

இப்பழக்கம் தமிழுலகிற்குப் புதியதன்று. பத்துப்பாட்டிற்கு உரை வகுத்த நச்சினார்க்கினியர், தொலைவில் கிடக்கும் சொற்களை ‘மாட்டு’ என்னும் உறுப்பால் இணைத்துப் பொருள் கண்டார். முல்லைப்பாட்டு ஆராய்ச்சியில் மறைமலையடிகள் அம்முறையை மறுத்தார். சிதறிய குறிப்புகளை இணைப்பதற்கு எல்லை யாது என்பதே அங்கும் எழுந்த வினா. அவ்வினாவை ஆராய மாமல்லைப் பூனை தக்க களமாகும்.

சிற்பமும் அதன் வழக்கும்

பல்லவர் காலத்துப் பெரும்புடைப்புச் சிற்பம் இரு பாறைகளின் மீது, நடுவிலுள்ள இயற்கைப் பிளவை உள்ளடக்கிச் செதுக்கப்பட்டுள்ளது. பிளவில் நாகர்கள் உள்ளனர். ஒரு புறத்தில், ஒற்றைக்காலில் நின்று கைகளை உயர்த்தித் தவம் செய்யும் மெலிந்த உருவமும், அதன் அருகே வரமருளும் சிவனும் காணப்படுகின்றனர். மறுபுறத்தில் யானைகள் நிற்கின்றன. பெரிய யானையின் தந்தத்திற்குக் கீழே ஒரு பூனை பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தியுள்ளது. அதனைச் சுற்றி எலிகள் உள்ளன.

காட்சி இன்னதென உரைக்கும் கல்வெட்டு இச்சிற்பத்தில் இல்லை. பாசுபதம் வேண்டி அருச்சுனன் செய்த தவம் என்பது நெடுநாள் வழங்கிய கருத்து. பகீரதன் தவத்தால் கங்கை இறங்கிய காட்சி இது என 1914இல் விக்டர் கோலுபேவ் வாதிட்டார். பிளவிலுள்ள நாகர்களும், மேலே நீர் தேக்குவதற்கு அமைந்த இடமும் இக்கருத்திற்கு வலுச்சேர்த்தன. டி.என். இராமச்சந்திரன் அருச்சுனன் பக்கம் நின்றார். மயிலை சீனி. வேங்கடசாமி ‘மகாபலிபுரத்து ஜைன சிற்பம்’ என்னும் நூலில் இதனைச் சமண மரபிலுள்ள சகரர் கதையாகக் கண்டார். இருபொருள்பட அமைத்ததே சிற்பியின் நோக்கம் எனப் பத்மா கைமல், மைக்கேல் ராபி ஆகியோர் பிற்காலத்தில் எழுதினர்.

பூனை பற்றிய மூன்று விளக்கங்கள்

முதலாவது, போலித்துறவு. மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் துரியோதனன் உலூகனிடம் சொல்லியனுப்பும் செய்தியில் ஒரு பூனைக்கதை உள்ளது. கங்கைக்கரையில் கைகளை உயர்த்தித் தவம் செய்வதாக நடித்த பூனையை நம்பிய எலிகள் ஒவ்வொன்றாக இரையாகின்றன. மனுநூல் போலித்துறவியின் ஒழுக்கத்தைப் ‘பூனை நோன்பு’ என்னும் பெயரால் சுட்டுகிறது. 6ஆம் நூற்றாண்டிலேயே பகலவி மொழிக்குச் சென்றுவிட்ட பஞ்சதந்திரத்திலும் தவசிப் பூனை உண்டு. இன்றைய தமிழ் வழக்கிலுள்ள ‘உருத்திராட்சப் பூனை’யும் இதே கருத்தினதே.

இரண்டாவது, தவவனத்து அமைதி. தவத்தின் ஆற்றலால் இயற்கைப் பகை நீங்கும் என்பது இலக்கிய மரபு. சிற்பத்தின் மற்றொரு பகுதியில் சிங்கமும் மான்களும் அருகருகே இருப்பது இதற்குத் துணையாகும்.

மூன்றாவது, எதிரொலிப்பு. தவசியின் நிலையைப் பூனை அப்படியே பின்பற்றுகிறது. காண்போரை நகைக்கவைத்து, மீண்டும் தவசியை நோக்கவைக்கும் சிற்பியின் குறும்பு இது என்பர்.

அளவைகளால் ஒப்பீடு

அமைதி விளக்கம் சூழலுக்குப் பொருந்துகிறது. எலிகள் அஞ்சி ஓடவில்லை என்பதை அது தெளிவாக்கும். ஆனால், பகை நீங்கிய பூனை படுத்திருந்தாலே போதுமே. அது கைகளை உயர்த்த வேண்டிய தேவை என்ன என்பதற்கு அவ்விளக்கத்தில் விடையில்லை. எதிரொலிப்பு விளக்கம் நிலைக்குப் பொருந்துகிறது. எலிகளுக்குக் காரணம் கூறவில்லை. போலித்துறவு விளக்கம் உயர்த்திய கைகளுக்கும், நம்பி நிற்கும் எலிகளுக்கும் ஒருசேரக் காரணம் காட்டுகிறது. பிளவைக் கங்கையாகக் கொண்டால், கரையோரம் என்னும் இடமும் பொருந்துகிறது.

இக்கதையைப் பல்லவ நாட்டு மக்கள் அறிந்திருந்தனரா என்பது அடுத்த வினா. முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்குப் பங்கு ஒதுக்குகிறது. ஆகவே, பாரதக் கதைகளைக் கேட்டறிந்த மக்கள் சூழல் அந்நூற்றாண்டில் இருந்தது எனத் துணியலாம்.

அங்ஙனமாயின் பூனை மெய்த்தவசியையும் பழிக்கிறதா எனின், அன்று. தவசியின் முன் சிவன் தோன்றுகிறான். பூனையின் முன் எலிகளே நிற்கின்றன. நிலை ஒன்று, பயன் வேறு. போலியை அருகில் வைத்து மெய்ம்மையை உயர்த்திக்காட்டும் அமைப்பாக இதனைக் கொள்ளலாம்.

பூனையின் சான்று வலிமை

போலித்துறவு விளக்கத்தை ஏற்றாலும் பெரிய வழக்கு தீர்வதில்லை. கதை இடம்பெறும் நூல் மகாபாரதம். அது அருச்சுனன் தரப்பிற்கு உதவும். கதை நிகழுமிடம் கங்கைக்கரை. அது பகீரதன் தரப்பிற்கு உதவும். ஒரே சான்று இரு தரப்பிற்கும் பொதுவாகும்போது, அது எத்தரப்பையும் நிறுவாது. இருபொருள் கொள்கைக்கு இஃது இசைவானதே. எனினும் இசைவு வேறு, மெய்ப்பு வேறு.

பிற்காலக் கருத்தை முற்காலப் படைப்பின்மேல் ஏற்றுவதும் தவிர்க்கத்தக்கது. ஆண்டாள் கோயில் கொண்ட திருவில்லிபுத்தூர் பின்பற்றும் தென்கலை வைணவ மரபில், குட்டியைக் கவ்விச் செல்லும் தாய்ப்பூனை இறையருளுக்கு உவமையாகிறது. அது மார்ச்சால நியாயம் எனப்படும். பல்லவர் சிற்பத்திற்குப் பிற்பட்ட இவ்வுவமையைக் கொண்டு மாமல்லைப் பூனைக்குப் பொருள் உரைத்தல் கூடாது. ஆயினும், பூனை எங்கும் வஞ்சகத்தின் குறி என்னும் முற்கோளை அது தடுக்கிறது.

முடிவுரை

விளையாட்டு ரசிகர் தம் ஊகத்தைக் கோப்புகளில் சோதிக்கலாம், படைப்பாளரிடமும் கேட்கலாம். மாமல்லைச் சிற்பியிடம் கேட்க வழியில்லை. எனவே இங்கு விளக்கம் கூறுவோர்க்குக் கடமை மிகுதி. ஒரு விளக்கம் உருவத்தின் எத்தனைக் கூறுகளுக்குக் காரணம் காட்டுகிறது, அது சார்ந்த கதை அக்காலத்தில் வழங்கியதா, அதே சான்று எதிர்த்தரப்பிற்கும் உதவுகிறதா என்னும் மூன்றையும் அவர் வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். ரசிகர் கோட்பாடுகளில் பழகிய மாணவர்கள் இன்று தமிழ்த்துறைகளுக்கு வருகின்றனர். சிறு குறிப்பையும் விடாது நோக்கும் அவர்தம் கூர்மை ஆய்வுக்கு வேண்டுவதே. தம் விளக்கத்திற்கு எதிரான சான்றையும் அதே கூர்மையுடன் தேடப் பயிற்றினால், ஊகம் ஆய்வாகும்.